இடது கன்னத்தில் காற்று

மே 6, செவ்வாய்

நாகர்கோவிலில் நரம்பு டாக்டர் லீலாபாய் எழுதி வைக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது, எது பட்டால் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது. "வாயால சொல்லும்போது எல்லாரும் ஒண்ணு கூட்டுவாங்க, இல்லேன்னா குறைப்பாங்க. எழுதினா அப்பிடி வராது சார்" என்றார்.

எழுதுவது எனக்குச் சிரமமில்லை. இருபத்து நாலு வருடமாக அதுதான் வேலை. ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலைக் கம்பெனியில் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். மொத்தம் முப்பத்தெட்டுக் காற்றாடிகள். மணிக்கொரு தடவை காற்றின் வேகம், ஓடுகிற காற்றாடி எத்தனை, நிற்பது எத்தனை, ஏன் நிற்கிறது என்று பதிவேட்டில் எழுதவேண்டும். அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது.

பெயர் பூதலிங்கம். வயது ஐம்பத்திரண்டு. வலி இடது கன்னத்தில். போன ஐப்பசியில் தொடங்கியது. பல்வலி என்று நினைத்தேன். பல் டாக்டரும் அப்படியே நினைத்து ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்தார். போகவில்லை. பக்கத்துப் பல்லையும் எடுத்தார். மூன்றாவதையும் எடுத்துப் பார்க்கலாம் என்றபோது என் மனைவி பகவதி, "இனி ஒண்ணும் தரதுக்கில்ல" என்று சொல்லி என்னை எழுப்பிக் கூட்டி வந்துவிட்டாள். எடுத்த இரண்டும் நல்ல பற்கள் என்று லீலாபாய் இன்று சொன்னார்.

நோயின் பெயர் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்துக்கு உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பில் கோளாறு. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை.

மே 7, புதன்

பதினாலு தடவை.

மே 11, ஞாயிறு

எப்படி இருக்கும் என்றும் எழுதச் சொல்லியிருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை பேனலுக்குள் கை பட்டு ஷாக் அடித்தது. அதேதான், கன்னத்தில். காதுக்கு முன்னால் கிளம்பி உதட்டோரம் வரைக்கும் வெட்டும். சில விநாடிகள். பேனலிலிருந்து கையை எடுத்தால் நின்றுவிடும். இதில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

எது பட்டால் வருகிறது: பல் துலக்கினால். சவரம் செய்தால். முகம் கழுவினால். இட்லியை இடதுபக்கம் மென்றால். சில சமயம் 'ப' என்ற எழுத்தைச் சொன்னால். ஃபேன் காற்று பட்டால்.

ஃபேனை பகவதி போடுவதில்லை. மே மாத வெக்கையில் ஹாலில் ஒரு பனையோலை விசிறியால் தனக்கு மட்டும் வீசிக்கொள்கிறாள், என் பக்கம் காற்று வராதபடி திரும்பி உட்கார்ந்து. பத்து நாளாக வீட்டில் அப்பளமும் இல்லை, வறுவலும் இல்லை. எல்லாம் குழைவாக வருகிறது. மகள் சுபிஜாவும் அதையே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். அவளுக்கு நாகர்கோவிலில் ஒரு ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை வேலை.

இடதுபக்கம் சவரம் செய்து பன்னிரண்டு நாள் ஆகிறது. வலதுபக்கத்தையும் விட்டுவிட்டேன்.

மே 20, செவ்வாய்

சீசன் காற்று தொடங்கிவிட்டது. வேகம் காலை பத்து மணிக்கு விநாடிக்குப் பதினொரு மீட்டர், மதியம் பதினாறு. மேற்கே இரண்டு மலைக்கு நடுவில் உள்ள இடைவெளி வழியாக இந்தக் காற்று வருகிறது. இதை நம்பித்தான் இங்கே இத்தனை காற்றாடிகளை நட்டிருக்கிறார்கள். செப்டம்பர் கடைசி வரைக்கும் நிற்காது.

பைக்கை நிறுத்திவிட்டுக் கண்ட்ரோல் ரூம் கதவு வரை எண்பது அடி நடக்கவேண்டும். இன்று அந்த எண்பது அடியில் மூன்று தடவை. ஹெல்மெட்டைக் கழற்றினால் காற்று, கழற்றாவிட்டால் உள்ளே இருக்கும் பஞ்சு கன்னத்தில் உரசுகிறது.

ஜெபஸ்டின் எனக்கு ஒரு குரங்குக் குல்லாய் வாங்கிக்கொண்டு வந்தான். காற்றாடிகளில் ஏறிப் பழுது பார்க்கிற டெக்னீஷியன். முப்பத்து நாலு வயது. "ஊட்டிக்குப் போறதுக்கு வாங்கினேன் அண்ணே, போகல்ல. நீங்க போட்டுக்கிடுங்க" என்றான். ஊட்டிக்கு வாங்கியதில்லை. விலைச்சீட்டு அப்படியே இருந்தது.

ஜூன் 3, செவ்வாய்

பகவதியின் தங்கை சொன்னாள் என்று தக்கலைக்கு அந்தப் பக்கம் ஒரு வர்ம வைத்தியரிடம் போனோம். காற்றுக்குப் பயந்து பஸ்ஸில் எல்லா ஷட்டரையும் இறக்கிவிடும்படி பகவதி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனாள். ஒருவர் மட்டும் மாட்டேன் என்றார். அவர் பக்கத்தில் போய் நின்று ஜன்னலை மறைத்துக்கொண்டே வந்தாள்.

வைத்தியர் என் முகத்துக்கு நேரே கையைக் கொண்டுவந்தார். நான் பின்னால் சாய்ந்ததைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். எங்கிருந்து எங்கே ஓடுகிறது, எத்தனை விநாடி நிற்கிறது என்று மட்டும் கேட்டார். "இது எனக்குள்ள கேஸ் இல்ல. தொட்டா உமக்கு வலி கூடத்தான் செய்யும். டாக்டரு சொல்லுகதக் கேளும்" என்றார். தட்சிணையும் வாங்கவில்லை.

திரும்பும்போது பகவதி, "டாக்டரு என்ன சொன்னா? மாத்திரை மட்டுந்தான் சொன்னாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இன்று ஒன்பது தடவை.

ஜூன் 15, ஞாயிறு

சுபிஜாவைப் பெண் பார்க்க சுசீந்திரத்திலிருந்து வந்திருந்தார்கள். பையன் கூட்டுறவு வங்கியில் வேலை. அமைதியான பையன். குல்லாய் போட்டுக்கொண்டு உட்கார முடியாது என்று சட்டை மட்டும் மாற்றிக்கொண்டேன். தாடியோடு இருந்தேன்.

காபி வந்தது. நான் குடிக்கவில்லை. பையனின் அப்பா என்னைப் பார்த்து, "கல்யாணத்துக்குப் பொறவு பிள்ளை வேலைக்குப் போகட்டும்ணுதான் எங்களுக்கும். உங்களுக்கு சம்மதந்தானே?" என்றார். 'பூரண சம்மதம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினேன். வலி வரும்போது எப்போதும் செய்வதுதான், யாரும் தொட்டுவிடக் கூடாது என்று. முடிந்து கண்ணைத் திறந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. பகவதி பல்வலி என்றாள். அவர்கள் தலையாட்டினார்கள்.

ஜூன் 19, வியாழன்

சுசீந்திரத்தில் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பெண் பார்க்க வருவதற்கு முன்பே பொருத்தம் பார்த்தாகிவிட்டது. நான் அதைக் கேட்கவில்லை.

ராத்திரி சுபிஜா வந்து, "அப்பா, எனக்கு அந்தப் பையன் பிடிக்கவே இல்ல" என்றாள். இல்லை, பிடித்திருந்தது.

ஜூன் 28, சனி

மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். ஒரு நாளைக்கு நாலு. எண்ணிக்கை ஐந்தாகக் குறைந்தது. ஆனால் தரை கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருக்கிறது. மாடிப்படியில் ஒருமுறை சுவரைப் பிடித்தேன். சுபிஜா ரத்தம் எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்ததில் சோடியம் குறைந்திருக்கிறது. இதற்குமேல் மாத்திரையைக் கூட்ட முடியாது என்று லீலாபாய் போனில் சொன்னார். "அன்னைக்கு நான் சொன்னத யோசிச்சீங்களா சார்?" என்றும் கேட்டார். யோசிக்கிறேன் என்றேன்.

ஜூலை 9, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜெபஸ்டின் இருபத்து மூன்றாம் நம்பர் காற்றாடியில் உச்சியில் இருந்தான். எண்பது மீட்டர். உச்சியில் உள்ள எந்திர அறையின் கூரைமேல் இருக்கிற காற்றுமானியை மாற்றும் வேலை. காற்று பத்தைத் தாண்டினால் கூரைக்கு யாரும் ஏறக் கூடாது. உச்சியில் காற்றுமானி வேலை செய்யாததால் வேகம் அவனுக்குத் தெரியாது. பக்கத்துக் காற்றாடிகளின் அளவை என் திரையில் பார்த்து நான் வாக்கி டாக்கியில் சொல்லவேண்டும். அதைக் கேட்டுத்தான் அவன் கூரைக்கதவைத் திறப்பான்.

காலையில் எட்டாக இருந்தது. ஏறலாம் என்று சொன்னேன். இரண்டு இருபதுக்கு ஒரேயடியாகப் பதினேழுக்குப் போனது. வாக்கி டாக்கியை எடுத்தேன். வாய் திறக்கவில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது, அது முடிவதற்குள் அடுத்தது. "அண்ணே, காத்து எவ்வளவு? கூடுகது மாதிரி இருக்கு" என்று அவன் கேட்டது நன்றாகக் காதில் விழுந்தது. பட்டனை அழுத்தினேன். மூச்சுச் சத்தம்தான் போனது. "அண்ணே, சரியாக் கேக்கல்ல. பிரச்சினை இல்லேன்னா நான் முடிச்சிருகேன்" என்றான்.

நாலு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கூரையில் காற்று அவனைத் தள்ளியிருக்கிறது. பெல்ட் போட்டிருந்தான். பெல்ட்டில் தொங்கி, தோள்பட்டை இரும்பில் இடித்து, தானே ஊர்ந்து உள்ளே வந்திருக்கிறான். கீழே வந்தபோது வலது கையைத் தூக்க முடியவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்: '14.20 - காற்று 17. எச்சரிக்கை தரப்பட்டது.'

தரப்படவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஜெபஸ்டின் எலும்பு முறியவில்லை. மேனேஜரிடம் கால் வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறான். என்னிடம் வந்து, "வாக்கி டாக்கி சார்ஜ் இல்லாம இருந்திருக்கும், இல்லியா அண்ணே?" என்றான். பதினொரு தடவை.

ஜூலை 12, சனி

இருபது.

ஜூலை 16, புதன்

வேலை முடிந்தபின் பதினாலாம் நம்பர் காற்றாடியில் ஏறினேன். அதில் இன்று வேலை ஒன்றும் இல்லை. ஏணியில் ஏறி ஆறு வருடம் ஆகிறது. உச்சிக்குப் போக நாற்பது நிமிடம் ஆனது. பெல்ட் கீழே ஆணியிலேயே இருந்தது. கூரைக்கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன். இடது கன்னத்தைக் காற்றுக்குக் காட்டினேன். வந்தது. எண்ணவில்லை.

அங்கிருந்து பார்த்தால் நான்குவழிச் சாலையும், பொய்கை அணைப் பக்கம் கொஞ்சம் தண்ணீரும், எங்கள் தெருவும் தெரியும். எங்கள் மொட்டைமாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தூரத்தில் யார் என்று தெரியாது. புடவை ஒன்றைக் காற்று பறித்துக்கொண்டு போனது. அந்த ஆள் அதைப் பிடிக்க ஓடியது தெரிந்தது. பிடித்த மாதிரியும் தெரிந்தது.

இறங்கிவிட்டேன். கீழே கதவுக்குப் பக்கத்தில் ஜெபஸ்டின் உட்கார்ந்திருந்தான்.

"எதுக்கு அண்ணே ஏறினீங்க?"

"காற்றுமானியைப் பார்க்க."

அவன் என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டான்.

ஜூலை 17, வியாழன்

சாவிப் பலகையில் முப்பத்தெட்டு ஆணியும் காலி. எல்லாச் சாவியும் ஜெபஸ்டினிடம் இருக்கிறது. ஆடிட்டுக்காம். மதியம் பகவதி மினிபஸ்ஸில் சோறு கொண்டு வந்தாள். இருபத்து நாலு வருடமாகக் காலையிலேயே கட்டிக் கொடுத்துவிடுவாள். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான். வீட்டுல இருந்து என்ன செய்ய?" என்றாள். ஐந்து மணி வரைக்கும் செக்யூரிட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு என்னோடு பைக்கில் வந்தாள்.

ஜூலை 18, வெள்ளி

இன்றும் வந்தாள்.

ஜூலை 19, சனி

ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். மே மாதம் முதல்முறை போனபோதே லீலாபாய் ஸ்கேன் எடுத்து, ஆபரேஷன் செய்தால் போய்விட வாய்ப்பு அதிகம் என்று சொன்னார். காதுக்குப் பின்னால் மண்டையோட்டைத் திறந்து செய்வது. நான் யாரிடமும் சொல்லவில்லை. என் அப்பாவின் தலையைத் திறந்தார்கள். அது வேறு நோய், கட்டி. அவர் திரும்பி வரவில்லை. அப்போது எனக்குப் பதினேழு வயது.

பகவதி இன்று தானாகவே நாகர்கோவில் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "புதன்கிழமை திருவனந்தபுரம் போறோம்" என்றாள்.

ஜூலை 21, திங்கள்

மேனேஜர் அறைக்குப் பதிவேட்டை எடுத்துப்போனேன். ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திறந்து, 'எச்சரிக்கை தரப்பட்டது' என்பதை அவர் முன்னாலேயே அடித்து, 'தரப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பதிவேட்டில் என் முதல் அடித்தல். காரணத்தைச் சொல்வதற்குக் கால் மணி நேரம் ஆனது, நடுவில் நான்கு தடவை நிறுத்தவேண்டியிருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

"இது தெரிஞ்சிருந்தா உங்கள நான் அந்த சீட்ல உட்கார வச்சிருக்க மாட்டேன்" என்றார்.

"அதனால்தான் சொல்லவில்லை" என்றேன்.

மருத்துவ விடுப்பு. திரும்பி வந்தாலும் கண்ட்ரோல் ரூம் கிடையாது, ஸ்டோர்ஸ்தான். விசாரணை தனியாக நடக்கும்.

வெளியே ஜெபஸ்டின் நின்றான். "எதுக்கு அண்ணே சொன்னீங்க?" என்று திட்டினான். தோளில் இன்னும் கட்டு இருந்தது.

ஜூலை 23, புதன்

திருவனந்தபுரம் டாக்டர் மலையாளி. தமிழ் கொஞ்சம் பேசுகிறார். படத்தில் நரம்பைக் காட்டினார். வெள்ளையாக ஒரு கோடு. அதன்மேல் ஒரு ரத்தக்குழாய் சாய்ந்து கிடக்கிறது. துடிக்கும்போதெல்லாம் நரம்பில் இடிக்கிறதாம். "இவனை மெல்ல நீக்கி, நடுவில ஒரு சின்னப் பஞ்சு மாதிரி வைக்கும். அவ்வளவுதான்" என்றார். பஞ்சு இல்லை, டெஃப்லான்.

பகவதி, "ஆபத்து என்னதெல்லாம் உண்டு? மறைக்காண்டாம்" என்றாள். அவர் சொன்னார். இடது காது கேட்காமல் போகலாம். முகம் கொஞ்ச நாள் கோணலாம். நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, அதைவிடப் பெரியதும் நடக்கலாம். அவர் கடைசியாகச் சொன்னபோது பகவதி என் கையை விட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்போது செய்யலாம்?" என்று நான்தான் கேட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாளைக் காலை ஆபரேஷன். சுபிஜா மின்கட்டணம், கேஸ் புத்தகம் எல்லாம் எங்கே இருக்கிறது என்று நான் எழுதிக்கொடுத்த தாளை வாங்கவில்லை. "நீங்க வந்து எடுத்துத் தாருங்க" என்றாள். தாளை இதற்குள் வைக்கிறேன்.

தலையில் இடதுபக்கம் மட்டும் முடியெடுத்தார்கள். எடுக்கும்போது ஆறு தடவை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒரு வாரம் எழுதவில்லை. கண்ணைத் திறந்ததும் நர்ஸ் பெயர் கேட்டாள். பூதலிங்கம் என்றேன். 'பூ' சொல்லும்போது காத்திருந்தேன். வரவில்லை.

அன்று முழுவதும் வரவில்லை. இதுவரை வரவில்லை.

இடது காதில் சத்தம் இல்லை. முதலில் கட்டுப் போட்டதால் என்று நினைத்தோம். கட்டைப் பிரித்தபிறகும் இல்லை. டாக்டர் டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு வருத்தப்பட்டார். ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். அவர் நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்து மறுபடி விளக்கினார். புரிந்தது என்றேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சவரம் செய்தேன். கண்ணாடியில் பார்த்தபோது இடது கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பயந்து பயந்து பிளேடை வைத்தேன். முடிய முக்கால் மணி நேரம் ஆனது. குளியலறைக் கதவுக்கு வெளியே பகவதி நின்றது முடித்துத் திறந்தபோதுதான் தெரிந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

ஸ்டோர்ஸில் சேர்ந்தேன். போல்ட், வாஷர், கிரீஸ் டப்பா. விசாரணையில் ஒரு சம்பள உயர்வு நிறுத்தம். சரியானதுதான். கண்ட்ரோல் ரூமில் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், தெளிவான குரல்.

ஜெபஸ்டின் காது கேட்காத பக்கமாக வந்து ஏதோ சொன்னான். திரும்பி, என்ன என்றேன். "ஒண்ணுமில்ல" என்றான். மறுபடி கேட்டதற்கும் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. மாத்திரையை லீலாபாய் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார். எழுதுவதை நிறுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

அக்டோபர் 5, ஞாயிறு

நிறுத்தலாம் என்று சொன்னபிறகும் இதை எழுதுகிறேன்.

காலையில் பகவதி கறிவேப்பிலை வாங்கிவரச் சொன்னாள். மறந்துவிட்டேன். கையை வீசிக்கொண்டு வந்து நின்றேன். "ஒரு கறிவேப்பிலை. ஒரு கறிவேப்பிலை வாங்க நினைவில்ல" என்று பகவதி தொடங்கினாள். நான் மறுபடி போய் வாங்கி வருகிறேன் என்றேன். "எங்கயும் போகாண்டாம். இங்க இரியுங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் நின்றுகொண்டே பேசினாள். டாக்டர் மே மாதமே சொன்னதை நான் மறைத்தது. தக்கலையிலிருந்து வரும்போது கேட்டதற்கு முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னது. சுசீந்திரத்துக்காரர்களிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்களும் மனிதர்கள்தானே என்பது. பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "ஜெபஸ்டின் அன்னைக்கு சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினான்" என்றாள். "அக்கா, அண்ணன் பெல்ட் இல்லாம மேல போயிருக்காருன்னான். நான் அப்ப மாடியில துணி எடுத்துக்கிட்டு நிக்கேன். அவன் பேசுகான். நான் பிடிச்ச சேலையப் பிடிச்சபடி நிக்கேன். எந்தக் காத்தாடின்னு எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டையும் பாக்கேன், ஒவ்வொண்ணா. உங்க முன்னால ஒரு சத்தம் காட்டினா உங்களுக்கு வலி வந்திருமேன்னு நான் அழக்கூட இல்ல கேட்டேளா. மூணு மாசமா அழல்ல. குளிக்கப் போனா தண்ணியத் தொறந்துவிட்டுக்கிட்டு நிப்பேன். அதுவும் உங்களுக்குக் கேட்டிருமோன்னு."

பதினாறாம் தேதி நான் பார்த்தது அவளைத்தான்.

அப்போதுதான் அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். சுபிஜா அறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

அவள் என் இடதுபக்கம் நின்றிருந்தாள். பாதிதான் கேட்டது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வலது காதை அவள் பக்கம் வைத்து உட்கார்ந்தேன். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. என்னை அடித்தாள், தோளில், இரண்டு கையாலும். ஒன்று கன்னத்திலும் பட்டது. இடது கன்னம். இருவரும் ஒரே நேரத்தில் அசையாமல் இருந்தோம். ஒன்றும் வரவில்லை.

"வலிச்சுதா?" என்றாள்.

"அடிச்ச வலிதான்" என்றேன்.

அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. உள்ளே போய் அணைத்துவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என் வலதுபக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் நெறைய இருக்கு" என்றாள்.

"சொல்லு" என்றேன்.